வீடு திரும்பாத ஐந்து புள்ளி

திருகோணமலை நகரிலோ மூதூரிலோ கிண்ணியாவிலோ ஒரு பாடசாலை மண்டபம். உயர்தரப் பரீட்சை நடக்கிறது. இணைந்த கணிதம், முதலாம் வினாத்தாள், மூன்று மணித்தியாலம். பகுதி ‘அ’வின் முதல் வினா பெரும்பாலும் கணிதத் தொகுத்தறிவாகத்தான் இருக்கும் என்பது கடந்தகால வினாத்தாள்களைப் புரட்டிய எந்தப் பிள்ளைக்கும் தெரியும். பிள்ளை முதலில் 1 என்ற எண்ணுக்குக் கூற்றைச் சரிபார்க்கிறது. பிறகு ஏதோ ஒரு நிறைவெண்ணுக்கு அது உண்மை என எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் அடுத்த நிறைவெண்ணுக்கும் உண்மையாகும் என்பதை அட்சரகணிதத்தால் காட்டுகிறது. கடைசியில் ஒரு வரி மிச்சம்: ஆகவே கணிதத் தொகுத்தறிவுக் கோட்பாட்டின்படி எல்லா நேர் நிறைவெண்களுக்கும் இக்கூற்று உண்மை.

வழக்கமாக அந்த வரிக்கு 5 புள்ளி. அந்த 5 புள்ளி எங்கே பிறந்தது, எங்கெல்லாம் போகிறது, கடைசியில் யார் கையில் சேர்கிறது என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன். மாணவனாக அதைத் துரத்தியிருக்கிறேன். பிறகு பல வருடம் படிப்பிக்கிறவனாக அதைக் கொடுத்தும் மறுத்தும் இருக்கிறேன். அதனால் இதைத் தூரத்தில் நின்று எழுத என்னால் முடியாது.

இணைந்த கணிதத்தில் புள்ளிகள் ஐந்தைந்தாகவே நடக்கும். பகுதி ‘அ’வில் 10 வினா, ஒவ்வொன்றுக்கும் 25. பகுதி ‘ஆ’வில் ஏழில் ஐந்து செய்யவேண்டும், ஒவ்வொன்றுக்கும் 150. ஆக ஒரு வினாத்தாளுக்கு 1000. அதைப் பத்தால் வகுத்து 100 ஆக்குகிறார்கள். இரண்டாம் வினாத்தாளுக்கும் இதே கணக்கு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் பாடத்தின் இறுதிப் புள்ளி வரும்.

மண்டபத்தில் மணி அடித்ததும் விடைத்தாள் பிள்ளையின் கையை விட்டுப் போகிறது. அதில் பெயர் கிடையாது, சுட்டெண் மட்டும்தான். பொதியாகக் கட்டி முத்திரையிடப்பட்டுப் பரீட்சைத் திணைக்களத்தின் பொறுப்புக்குப் போய், அங்கிருந்து மதிப்பீட்டு நிலையம் ஒன்றுக்குப் போகிறது. எந்த நிலையத்தில், எந்த ஆசிரியரின் மேசையில் அது விரியும் என்பது எழுதிய பிள்ளைக்குத் தெரியவே தெரியாது. மேசையில் இருப்பவருக்கும் இது நிலாவெளிப் பிள்ளையா நுவரெலியாப் பிள்ளையா என்பது தெரியாது. அவர் முன்னால் மதிப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அவர் கையில் சிவப்பு நிறக் குமிழ்முனைப் பேனா. ஊதா நிறப் பேனாவைப் பிடிக்கப் பிரதம பரீட்சகருக்கும் மேலதிகப் பிரதம பரீட்சகருக்கும் மட்டுமே அனுமதி. உபபகுதிக்குரிய புள்ளியை ஒரு முக்கோணத்துக்குள்ளும் வினாவின் இறுதிப் புள்ளியை ஒரு சதுரத்துக்குள் விகிதமுறு எண்ணாகவும் எழுதவேண்டும் என்பது அறிவுறுத்தல். எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் ஒற்றைக் கோட்டால் வெட்டிக் கையொப்பம் இடவேண்டும்.

இந்த ஒழுங்கை நான் மதிக்கிறேன். இலட்சக்கணக்கான பிள்ளைகளின் விடைத்தாள்களை முகம் தெரியாமல், இனம் தெரியாமல், அப்பாவின் தொழில் தெரியாமல் பார்க்க வேறு வழியில்லை. முக்கோணமும் சதுரமும் சிவப்பு மையும் இல்லாத இடத்தில் செல்வாக்குத்தான் புள்ளி போடும்.

அந்த 5 புள்ளி சதுரத்துக்குள் ஏறிய பிறகு என்ன ஆகிறது என்று ஒரு தரம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1000க்கு 5 என்பது 100க்கு 0.5. இரண்டு வினாத்தாளின் சராசரி எடுக்கும்போது 0.25. பிறகு இசட் புள்ளி. அந்தப் பாடத்தை எழுதிய எல்லாருடைய புள்ளிகளின் இடையை, அதாவது சராசரியை, பிள்ளையின் புள்ளியிலிருந்து கழித்து, நியம விலகலால் வகுப்பார்கள். நியம விலகல் 20 என்று வைத்துக்கொள்வோம். 0.25ஐ 20ஆல் வகுத்தால் 0.0125. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளுக்கும் சராசரி எடுத்தால் 0.0042. இடையில் எங்கேனும் முழுவெண்ணாக்கினால் அது முற்றாக மறையலாம், இல்லாவிட்டால் நாலு மடங்காகப் பெருகலாம்.

0.0042 என்றால் ஒன்றுமில்லை என்று தோன்றும். ஆனால் பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகள் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கம் வரை வெளிவருகின்றன. அந்த நான்காவது இலக்கத்தில் பொறியியலுக்கும் பௌதிக விஞ்ஞானத்துக்கும் நடுவே வாழ்க்கை இரண்டாகப் பிரிந்தவர்கள் எங்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். கடைசி வரியை எழுத மறந்த பிள்ளைக்கு, மறந்த அந்த வரிதான் காரணம் என்பது ஒருபோதும் தெரியவராது. விடைத்தாள் திரும்பி வராது. மீள்பரிசீலனைக்கு விண்ணப்பித்தாலும் வருவது இன்னொரு பெறுபேறுதான், எழுதிய தாள் அல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான் போன தனியார் வகுப்பு ஒன்றில் எங்களுக்குச் சொல்லித்தந்தது, “விளங்காவிட்டாலும் கடைசி வரியை எழுதிப்போடுங்கோ, அஞ்சு வரும்” என்று. எழுதினோம், வந்திருக்கும். ஒரு கூற்று ஒவ்வொன்றாக எல்லா எண்களையும் எப்படிப் போய்த் தொடுகிறது என்பது எனக்கு விளங்கியது அந்தப் பரீட்சை முடிந்து மூன்று வருடத்துக்குப் பிறகு. எங்களோடு படித்த ஒருவன் விளங்கியும் நேரம் போதாமல் அந்த வரியை விட்டான், அதற்கு 0 வாங்கியிருப்பான். விளங்காமல் ஒப்புவித்த நான் 5 வாங்கியிருப்பேன். அவனைக் கடற்கரையில் காணும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

இந்த 5 புள்ளியின் பூர்வீகம் கணிதப் பரீட்சையே. 18ஆம் நூற்றாண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ‘ட்ரைப்போஸ்’ என்ற கணிதப் பரீட்சை, வாய்மொழி விவாதத்திலிருந்து மெல்ல மெல்ல எழுத்துக்கு மாறியது. இலத்தீனில் வாதாடுகிறவரை ‘நல்லவர், மிக நல்லவர்’ என்று வகைப்படுத்தலாம். எழுதிய விடையை அடுக்கவேண்டுமென்றால் எண் வேண்டியிருந்தது. வினா வினாவாகப் புள்ளி போட்டு, கூட்டி, முதலாமவரிலிருந்து கடைசி ஆள் வரை வரிசைப்படுத்தினார்கள். பிரான்சிஸ் கால்டன் 1869இல் வெளியிட்ட நூலில் அந்தப் புள்ளிகளைக் காட்டுகிறார். 17,000 புள்ளிக்கு வினாக்கள். ஒரு வருடம் முதலிடம் பெற்றவர் வாங்கியது 7,500க்குச் சற்று மேல். சிறப்புப் பட்டியலின் கடைசி ஆளுக்கு 300கூட இல்லை. முதலாமவரே பாதிக்குமேல் செய்யவில்லை, ஆனாலும் நாடு அவரைக் கொண்டாடியது. அந்தப் புள்ளியை ‘இந்தப் பாடத்தில் இவ்வளவு தெரியும்’ என்று யாரும் வாசிக்கவில்லை. ‘இவன் அவனுக்கு மேலே’ என்றுதான் வாசித்தார்கள். கணிதப் புள்ளி பிறந்ததே ஆளை ஆளோடு நிறுத்துப் பார்க்கத்தான். அந்தத் தராசிலேயே வளர்ந்து நாலாம் இடம் பெற்ற கணிதவியலாளர் ஜி. எச். ஹார்டி, பிறகு அந்த வரிசையை ஒழிக்கப் போராடினார். 1909ஓடு தரவரிசை நின்றது.

அதற்குள் புள்ளி கப்பலேறிவிட்டது. 1880இல் கேம்பிரிட்ஜ் உள்ளூர்ப் பரீட்சைகளும் 1882இல் லண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளும் இலங்கைக்கு வந்தன. வினாத்தாள் இங்கிலாந்திலிருந்து வரும், விடைத்தாள் கப்பலில் இங்கிலாந்துக்குப் போகும், மாதக்கணக்கில் காத்திருந்தால் பெறுபேறு வரும். காரைதீவில் பிறந்த மயில்வாகனம் என்ற இளைஞர் கேம்பிரிட்ஜ் பரீட்சையிலும் அந்த வழியாகவே சித்தியெய்தினார், லண்டன் விஞ்ஞானப் பட்டத்தையும் அந்த வழியாகவே பெற்றார். பின்னாளில் விபுலானந்த அடிகளாகி, இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்ற திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர் அவர். இசைக்கணிதத்தைத் தேடிக் கண்டு ‘யாழ்நூல்’ எழுதிய அந்த மூளையை லண்டனில் யாரோ ஒருவர் ஒரு சுட்டெண்ணாக மட்டும் பார்த்துப் புள்ளி போட்டிருப்பார். அவருடைய விடைத்தாளும் கடல் கடந்து போனதுதான், திரும்பவில்லை.

1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறந்த பிறகும் பட்டம் லண்டனுடையதாகவே இருந்தது. சி. சுந்தரலிங்கம் போன்ற கணிதப் பேராசிரியர்கள் வகுப்பில் படிப்பித்தார்கள். ஆனால் வினாத்தாளைத் தயாரித்ததும் தீர்ப்புச் சொன்னதும் இன்னொரு நாட்டில் இருந்தவர்கள். படிப்பிப்பவரும் பரீட்சகரும் வேறு வேறு ஆட்கள் என்பது எங்கள் உயர்கல்வி பிறந்தபோதே அதன் உடம்பில் ஊறிவிட்டது. 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் அதிகாரம் ஊருக்கு வந்தது. அன்றிலிருந்து தன் மாணவனின் தாளைத் தானே திருத்தி, அவனை உட்காரவைத்து, ‘இந்த வரியில் உமக்கு என்ன நடந்தது?’ என்று கேட்க எங்கள் விரிவுரையாளருக்கு வழி திறந்திருந்தது. அப்படி யாரும் பெரிதாகக் கேட்கத் தொடங்கவில்லை. லண்டன்காரர் தூரத்தில் இருந்ததால் செய்ததை, பக்கத்து அறையில் இருந்துகொண்டு நாங்களும் செய்தோம். பொதி கட்டினோம், முத்திரையிட்டோம், எண் மட்டும் வெளியே விட்டோம். கல்லூரிக் கணிதத்தில் நடந்த பிழையைத் தேடினால் நான் இந்த இடத்தில்தான் விரலை வைப்பேன்.

புள்ளியின் மிக இருண்ட காலம் 1970கள். தமிழ்ப் பரீட்சகர்கள் தமிழ்மொழி மாணவருக்கு அள்ளிப் போட்டார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. விசாரணையில் அது நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் 1971 அனுமதியில் பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளியும் சிங்களமொழி மூல மாணவருக்கு 227 புள்ளியும் தேவைப்பட்டன. ஒரே பாடம், ஒரே பாடத்திட்டம், அதே கணக்கு. 23 புள்ளி இடைவெளியில் ஒரு தலைமுறை நின்று பார்த்தது. பிறகு மொழிவாரித் தரப்படுத்தல், 1974இலிருந்து மாவட்ட ஒதுக்கீடு, அதற்குப் பின்னும் பல திருத்தங்கள். அதன் பலனாக விளைந்த கசப்பை இங்கே விரித்து எழுதத் தேவையில்லை, எங்களுக்கு அது மனப்பாடம்.

ஆனால் திருகோணமலைக்காரனாக ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மொழியைப் பார்த்துப் புள்ளியைத் திருத்தியது அவமானம். மாவட்டத்தைப் பார்த்து இடம் ஒதுக்கியது வேறு விஷயம். யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் வலித்த அந்தக் கதவு, மூதூருக்கும் கந்தளாய்க்கும் முதல்முறையாகத் திறந்தது. இன்று அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. திருகோணமலை அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. பின்தங்கியது என்றால் என்ன என்பதை 2021 நவம்பர் 23ஆம் தேதி காலையில் நாடு முழுவதும் பார்த்தது. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டிமுடியாத நிலையில் ஓடிக்கொண்டிருந்த இழுவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகள் தண்ணீரில் போனார்கள். படகில் ஏறிக் கணிதம் படிக்கப் போகிற பிள்ளையின் 60 புள்ளியும், வீட்டு வாசலில் வாகனம் வந்து ஏற்றிப்போகும் பிள்ளையின் 60 புள்ளியும் ஒன்றே என்று சொல்ல எந்த நியம விலகலாலும் முடியாது.

இசட் புள்ளி வந்தது 2001இல். பாடத்துக்குப் பாடம் கடினம் மாறுவதால் வெறும் புள்ளிகளைக் கூட்டுவது அநீதி என்ற சரியான எண்ணத்தில் பிறந்தது அது. ஆனால் ஓர் எண்ணைப் புரிந்துகொள்ள அதைச் சுற்றியுள்ள கூட்டத்தைத் தெரிந்திருக்கவேண்டும் என்பதை 2011 பரீட்சை காட்டியது. அந்த வருடம் பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களும் புதியதில் எழுதியவர்களும் இருந்தார்கள். இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து இசட் புள்ளி கணிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2012 ஜூனில் நீதிமன்றம், இவை இரண்டு வேறு குடித்தொகைகள், தனித்தனியே கணியுங்கள் என்று உத்தரவிட்டது. ஒரு புள்ளியியல் பாடத்தை நாடே பத்திரிகையில் படித்த வருடம் அது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த முதியவர் என்னிடம், “தம்பி, இந்த இடை எண்டது யாருடைய இடை?” என்று கேட்டார். அதைவிட நல்ல வினாவை நான் எந்த வினாத்தாளிலும் காணவில்லை.

ஒருவாறு எங்கள் 5 புள்ளி வெட்டுப்புள்ளியைத் தாண்டுகிறது. பிள்ளை பல்கலைக்கழகத்துக்குள் போகிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கிறது. இன்னும் சிலர் மட்டக்களப்புக்கு, யாழ்ப்பாணத்துக்கு, பேராதனைக்கு. வாசலைத் தாண்டியதும் புள்ளி செய்யவேண்டியிருந்த வேலை முடிந்துவிட்டது. முகம் தெரியாத இலட்சம் பேரைப் பிரிக்கவே முகமில்லாத எண் தேவைப்பட்டது. இப்போது வகுப்பில் இருப்பது நாற்பது ஐம்பது பேர். அவர்களுக்குப் படிப்பிக்கிற எனக்கு அவர்கள் பெயர் தெரியும், யார் முன் வாங்கில் இருப்பார், யார் கேள்வி கேட்கக் கூச்சப்படுவார் என்பதும் தெரியும். யாரையும் யாருக்கும் மேலே வைக்கவேண்டிய அவசியம் எனக்கு இல்லை. எல்லாருக்கும் எல்லை என்றால் என்ன, தொடர்ச்சி என்றால் என்ன, ஒரு நிறுவல் எப்போது நிறுவலாகிறது என்பது விளங்கவேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் புள்ளி பழைய உத்தியோகத்தையே பார்க்கிறது. அரையாண்டு இறுதியில் ஒரு பரீட்சை, அதற்குப் பெரும் பங்கு. தொடர் மதிப்பீட்டுக்குச் சிறு பங்கு. 70க்கு மேல் ஏ, 40இல் சி. அவற்றை 4.00, 2.00 என்று மாற்றி, பாடங்களின் பாரத்தால் பெருக்கிச் சராசரி. முதல் அரையாண்டில் எல்லைக்கான எப்சிலன்–டெல்டா வரைவிலக்கணம் விளங்காமல் 42 வாங்கிய பிள்ளைக்கு மூன்றாம் அரையாண்டில் அது கண்ணாடி மாதிரித் தெளிவானாலும் அந்த 2.00 பட்டம் வரை கூடவே வரும்.

சித்தியெய்தாதவர் மீண்டும் எழுதலாம். ஆனால் பல பல்கலைக்கழகங்களில் மீண்டும் எழுதுபவர் எவ்வளவு நன்றாக எழுதினாலும் அதிகபட்சம் சி தான். உயர்தரத்தை மூன்று தரம் எழுதலாம், மூன்றாம் தரம் எழுதி எடுத்த இசட் புள்ளியில் யாரும் கை வைப்பதில்லை. நாட்டின் மிகக் கடுமையான போட்டிப் பரீட்சை கொடுக்கிற அந்தத் தாராளத்தை, போட்டியே தேவையில்லாத கல்லூரி வகுப்பு கொடுப்பதில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுக்காது. முதல் தரத்திலேயே படித்துச் சித்தியெய்தியவர்களுக்கு அது அநீதியாகும் என்பார்கள். யாருக்கு அநீதி? அவருடைய ஏ அவரிடமே இருக்கிறது. இன்னொருவர் பிந்தி விளங்கிக்கொண்டதால் அவருக்கு விளங்கியது குறைந்துபோகுமா?

புள்ளி துல்லியமானது என்ற நம்பிக்கையும் கணிதத்தில் கொஞ்சம் அதிகம். கட்டுரைக்குப் புள்ளி போடுவது ஆளுக்காள் மாறும், கணக்குக்கு அப்படியில்லை என்று நினைப்போம். 1913இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே கேத்திரகணித விடைத்தாளின் பிரதிகளை நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். 28இலிருந்து 95 வரை புள்ளிகள் வந்தன. அதற்கும் கால் நூற்றாண்டுக்கு முன் 1888இல் எட்ஜ்வேர்த் என்ற புள்ளியியலாளர் பரீட்சைப் புள்ளியில் தற்செயலின் பங்கை எழுதிக் காட்டிவிட்டார். மதிப்பீட்டுத் திட்டமும் முக்கோணமும் சதுரமும் இந்தத் தளம்பலைக் கட்டத்தான் வந்தன. ஆனால் பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் அந்த அளவு கட்டுப்பாடும் இல்லை. நிறுவலின் நடுவில் ஒரு காரணம் விடுபட்டால் ஒருவர் 2 குறைப்பார், இன்னொருவர் 8 குறைப்பார். அதன்மேல் தசம இரண்டு இலக்கத்துக்குச் சராசரி.

மாற்று வழி புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டியதில்லை. 1968இல் பெஞ்சமின் புளூம் என்ற கல்வியியலாளர், விளங்கும் வரை கற்பித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் முறையை எழுதினார். நேரம் ஆளுக்காள் மாறட்டும், விளக்கம் எல்லாருக்கும் வரட்டும் என்பது அவர் எண்ணம். 1988இல் ரூத் பட்லர் இஸ்ரேலியப் பாடசாலைப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார். ஒரு பகுதியினருக்குப் புள்ளி மட்டும், இன்னொரு பகுதிக்குக் குறிப்பு மட்டும், மூன்றாம் பகுதிக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் புள்ளி மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றார்கள். சிவப்பு மையில் எண் தெரிந்தால் பக்கத்தில் உள்ள எழுத்தை யாரும் வாசிப்பதில்லை. இதை அறிய எனக்கு ஆய்வு தேவைப்படவில்லை. வகுப்பில் தாளைத் திருப்பிக் கொடுத்த ஐந்து நிமிடத்தில் கண்ணால் கண்டதுதான். அண்மைக் காலத்தில் லிண்டா நில்சன், கணிதப் பேராசிரியர்களான ராபர்ட் டால்பர்ட், டேவிட் கிளார்க் போன்றோர் இந்த மாற்று வழியைக் கல்லூரி வகுப்பில் எப்படி நடத்துவது என்று விரிவாக எழுதியிருக்கிறார்கள். பாடத்தைச் சிறு சிறு இலக்குகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ‘விளங்கிவிட்டது’, ‘இன்னும் இல்லை’ என்ற இரண்டு தீர்ப்பு மட்டும் வைத்து, இன்னும் இல்லை என்றால் திரும்ப முயல வழி கொடுப்பதே அதன் சாரம்.

இறுதிப் பரீட்சை விதிகளைத் தொட எனக்கு அதிகாரம் இருக்கவில்லை. தொடர் மதிப்பீடு என் கையில் இருந்தது. அங்கே தொடங்கினேன். முதலாம் ஆண்டுப் பாடத்தைப் 16 இலக்குகளாக எழுதி முதல் நாளே கொடுத்தேன். ‘தொகுத்தறிவால் ஒரு கூற்றை நிறுவி, அதன் ஒவ்வொரு படியும் ஏன் தேவை என்று விளக்குவேன்’ என்பது இரண்டாவது இலக்கு. தாளில் எண் போடுவதை நிறுத்தினேன். சிவப்புப் பேனாவையும் வைத்துவிட்டுப் பென்சில் எடுத்தேன். பிழை இருக்கும் வரியின் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுவேன். இரண்டு கிழமைக்குள் திருத்திக் கொண்டுவரலாம், ஆனால் எங்கே ஏன் பிழைத்தது என்று தன் சொல்லில் நாலு வரி எழுதவேண்டும்.

முதல் மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. “சேர், எனக்கு எத்தனை?” என்பதே எல்லாருடைய கேள்வி. எண் இல்லாத தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். பதின்மூன்று வருடம் எண்ணால் மட்டுமே தங்களை அறிந்துவந்த பிள்ளைகள் வேறென்ன செய்வார்கள்? சிலர் திருத்தத்தை நண்பரிடம் பார்த்து எழுதினார்கள், சிலர் கைத்தொலைபேசியிடம் கேட்டு எழுதினார்கள். அதனால் பத்து நிமிட வாய்மொழியைச் சேர்த்தேன். பலகைக்கு முன்னால் நிற்கவைத்து, எழுதிய வரியைச் சுட்டி “இது ஏன்?” என்று கேட்பது. விளங்கியவருக்கும் ஒப்புவித்தவருக்கும் உள்ள வித்தியாசம் இரண்டாம் நிமிடத்தில் தெரிந்துவிடும். கேம்பிரிட்ஜ் இருநூறு வருடங்களுக்கு முன் கைவிட்ட வாய்மொழியை நான் திரும்பக் கையில் எடுத்துவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

வேலை கூடியது, அதை மறைக்கமாட்டேன். நாற்பது தாள் எண்பதானது. பின்னேரங்கள் போயின. வகுப்பில் இருநூறு பேர் இருக்கும் இடத்தில் இதை அப்படியே செய்ய முடியாது. அங்கே இலக்குகளைக் குறைக்கவேண்டும், மூத்த மாணவரின் உதவி வேண்டும். அரையாண்டு முடிவில் எத்தனை இலக்கு விளங்கியது என்பதை எண்ணி, அதைத் திரும்பவும் புள்ளியாக்கித்தான் கோப்பில் எழுதினேன். இரண்டாம் பரீட்சகருக்கு எண் வேண்டும், நிர்வாகத்துக்கும் எண் வேண்டும். அது ஒரு சமரசம்தான். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இம்முறை ஒரு பட்டியல் இருந்தது. 16இல் 13 என்றால் எந்த மூன்று மிச்சம் என்பது எனக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும்.

கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு மாணவி. தொகுத்தறிவுத் தாளை மிக நேர்த்தியாக எழுதியிருந்தாள். உயர்தரத்தில் முழு 25ம் கொடுத்திருப்பார்கள். கடைசி வரியும் இருந்தது. ஓரத்தில் நான் எழுதியது ஒரே கேள்வி: முதற்படியை எழுதாமல் விட்டால் என்ன குடிமுழுகிப் போகும்? முதல் தரம் அவள் எழுதிக் கொண்டுவந்த பதில், ‘முதற்படி தொகுத்தறிவு முறையின் ஒரு பகுதி ஆகையால் தேவை’ என்பது. இன்னும் இல்லை என்று கொடுத்தேன். இரண்டாம் தரம் புத்தகத்தில் உள்ள விளக்கத்தைப் பார்த்து எழுதியிருந்தாள். வாய்மொழியில் நின்றுவிட்டாள். முகம் சுருங்கிப்போனது. “சேர், எனக்கு இது விளங்கும் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சிருந்தன்” என்றாள். “இன்னொருக்கா யோசிச்சுக் கொண்டுவாங்கோ பிள்ளை, அவசரமில்லை” என்றேன்.

மூன்றாம் தரம் வந்தபோது தாளின் பின்பக்கம் முழுக்க எழுத்து. அவள் ஒரு பொய்யை எடுத்திருந்தாள்: ஒவ்வொரு நிறைவெண்ணும் அதற்கடுத்த நிறைவெண்ணுக்குச் சமம். ஏதோ ஓர் எண்ணுக்கு இது உண்மை என்று வைத்துக்கொண்டு, இரண்டு பக்கத்திலும் ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண்ணுக்கும் உண்மையாகிவிடுகிறது. படி சரி. ஒரு பிழையும் இல்லை. 1 சமன் 2 என்ற இடத்தில்தான் எல்லாம் உடைகிறது. கீழே தன் கையால் எழுதியிருந்தாள்: ‘படிகள் எல்லாம் இருக்கு சேர், ஆனால் ஏணி நிலத்தில் நிற்கேல்லை.’

பென்சிலால் ‘விளங்கிவிட்டது’ என்று எழுதிக் கையில் கொடுத்தேன். அவள் எண் எதுவும் கேட்கவில்லை. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தாள். பின்னேர பஸ் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி அவளை வீட்டில் இறக்கியது, தாளும் அவளோடு போனது.